ஐந்து டன் வண்டியை 45 கிராமில் கட்டுவது

அரக்கோணத்தில் வளர்ந்து இப்போது சத்துவாச்சாரியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்கக் கடற்படையின் எம்.டி-3 விமான இழுவை வண்டி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் 1/48 அளவு மாடல் கிட். அவர் கட்டும் முதல் கிட். காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் கிடையாது, பிரஷ்தான். படமும் அனுப்பியிருக்கிறார். "ஒட்டினது சுத்தமாத்தான் இருக்கு அண்ணா. ஆனா எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பொம்மை வண்டி மாதிரியே தெரியுது. மஞ்சள் பெயிண்ட் நாலு தடவை அடிச்சும் திட்டுத்திட்டா நிக்குது. பேசாம இதை நம்ம ராஜாளி வண்டியா மாத்திடலாமா?"

ராஜாளி என்று அவர் சொல்வது அரக்கோணத்தில் இருக்கும் நம் கடற்படையின் விமானத் தளம். மூன்று கேள்விகள். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு வேலை உண்மையிலேயே சுத்தம், முதல் கிட் என்றால் நம்ப முடியவில்லை. ஆனால் டயரைப் பாருங்கள். மூன்று டயர்கள் தரையை ஒரு புள்ளியில் தொடுகின்றன. பின்னால் வலது பக்கத்து டயர் தொடவே இல்லை, அடியில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிகிறது. பொம்மைத்தனம் அங்கேதான் இருக்கிறது. பெயிண்டில் இல்லை. உங்கள் வண்டிக்குக் கனம் இல்லை.

இந்த வண்டியைப் பொறுத்தவரை கனம்தான் எல்லாம். வேகம் தேவையில்லை. விமானத்தை இழுக்கும்போது ஆள் நடக்கிற வேகம்தான். இறக்கை முனைக்குப் பக்கத்தில் விசிலோடு நடந்து வருகிறவர்களை முந்திக்கொண்டு போகக் கூடாது. உயரமும் கூடாது. விமானத்தின் மூக்குக்கும் இறக்கைக்கும் அடியில் புகுந்து வெளியே வர வேண்டும், அதனால்தான் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கூரையே இல்லை. தட்டையாக, குள்ளமாக, கனமாக இருந்தால் போதும்.

அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் ஆடும். பின்சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றும். இஞ்சினில் சக்தி இருக்கிறது, ஆனால் தரையில் பிடி இல்லை. டயருக்குக் கிடைக்கும் பிடி என்பது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கனத்தில் ஒரு பங்குதான். காய்ந்த தளத்தில் முக்கால் பங்கு கிடைத்தால் நல்ல பிடி. எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடந்தால் பாதிகூடத் தேறாது.

இப்போது இந்த வண்டி வேலை செய்யும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு வாருங்கள். எஃப்-14 டாம்கேட் விமானம் முழுச் சுமையோடு 33 டன்னுக்கு மேல் வரும். சமதளத்தில் அதை உருட்டிப் போக ஒரு டன் இழுவைகூட வேண்டாம். ஆனால் கப்பலின் தளம் சமமாகவே நிற்பதில்லை. 5 டிகிரி சாய்ந்தால் போதும், அந்த 33 டன்னில் கிட்டத்தட்ட 3 டன் சரிவின் பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் இந்த வண்டி விமானத்தை இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பதே சரி. விமானத்தின் காக்பிட்டில் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஆனாலும் முதல் பிடிமானம் வண்டியுடையது. இவ்வளவும் நடப்பது கடலில் இருந்து இருபது மீட்டர் உயரத்தில், ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தளத்தில். வண்டியை இரும்புக் கட்டியாகச் செய்து வைத்திருப்பது சும்மா இல்லை.

சரி, கிட்டுக்கு வருவோம். நிஜ வண்டியை ஐந்து டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/48 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 48 மடங்கு குறைகின்றன. எடை 48-ஐ மூன்று தடவை பெருக்கிய அளவுக்கு, அதாவது 1,10,592 மடங்கு குறைய வேண்டும். 50 லட்சம் கிராமை அதால் வகுத்தால் 45 கிராம் வருகிறது. உங்கள் வண்டியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், 20 கிராம் தேறினால் ஆச்சரியம். மீதியை நாம்தான் உள்ளே வைக்க வேண்டும்.

டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம்மில் ஒட்டும் குட்டிக் கட்டிகள் இருக்கிறதே, அதுதான் இதற்குச் சரியான சாமான். 5 கிராம், 10 கிராம் என்று பட்டையாக இருக்கும். கழற்றிப்போட்ட பழசைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அடித்தட்டை நீங்கள் இன்னும் ஒட்டவில்லை என்று படத்தில் தெரிகிறது, நல்லதாகப் போயிற்று. உள்ளே அச்சுக்கு அச்சு நடுவில் பரவலாக வைத்து, அரால்டைட் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி, ஒருநாள் வண்டி கை தவறினால் கட்டி தனியாகக் கழன்று உள்ளே கிலுகிலுப்பை ஆடும், அப்புறம் திறக்கவும் முடியாது. கட்டி ஈயமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தொட்டபின் கையைக் கழுவிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மீதியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கனத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். நேராகப் பார்க்க முடியாது. கையில் எடுத்துப் பார்க்கிறவர் முகத்தில் பார்க்கலாம், அது வேறு விஷயம். கண்ணுக்குக் கனத்தைச் சொல்வது டயர். 180 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, டயரின் அடியை நாலைந்து தடவை மட்டும் இழுங்கள். 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் 0.3 மில்லிமீட்டர் தேய்ந்தாலே 4 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தட்டை விழும். அது போதும், அதற்கு மேல் போனால் பஞ்சர் ஆன வண்டி. தட்டைக்கு மேலே இரண்டு பக்கச் சுவரிலும் இடுக்கு அடைக்கும் பட்டியை (புட்டி) மெல்லிசாக வைத்து ஒரு சிறு புடைப்புக் கொடுத்தால் இன்னும் நன்றாக உட்காரும்.

சக்கரத்தை ஒட்டும்போது நாலையும் ஒரே மூச்சில் ஒட்டி, பசை இளகி இருக்கும்போதே வண்டியைக் கண்ணாடி மேல் வைத்து மேலே ஒரு சிறிய புத்தகத்தை வையுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை ஒவ்வொரு டயருக்கடியிலும் நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது. என் கணக்கில் இந்தப் பத்து நிமிட வேலைதான் முழுக் கிட்டிலும் முக்கியம். பெயிண்ட் எவ்வளவு சுமாராக இருந்தாலும் நாலு டயரும் உட்கார்ந்துவிட்டால் அது வண்டி.

அடுத்து மஞ்சள். இது உங்கள் கைக்கோளாறு இல்லை. மஞ்சள் நிறமிக்கு மறைக்கிற சக்தி கம்மி. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மேல் நேராக அடித்தால் அடியில் இருக்கும் சாம்பல் தலைநீட்டிக்கொண்டே இருக்கும்; நாலு தடவை இல்லை, எட்டுத் தடவை அடித்தாலும் ஒரு மாதிரி பச்சை கலந்த மாங்காய் நிறம்தான் வரும். அடியில் வெள்ளை பிரைமர் அடியுங்கள். நான் வெள்ளையில் ஒரு சொட்டு சிவப்பு கலந்து வெளிர் ரோஜா நிறமாக்கி அடிப்பேன். அதன் மேல் வரும் மஞ்சளுக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கும், நல்ல இயந்திர மஞ்சளாக நிற்கும். பார்த்தால் விநோதமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் அடித்திருப்பது டமியா அக்ரிலிக் எக்ஸ்.எஃப்-3 என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏர்பிரஷ்ஷுக்குத் தங்கமான பெயிண்ட். பிரஷ்ஷில் அடித்தால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். உங்கள் திட்டுகளில் பாதி அதனால் வந்தது. பிரஷ்தான் என்றால் வல்லேஹோ மாதிரி தண்ணீரில் கரையும் பெயிண்ட் எடுங்கள், பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு பூச்சும் முழுசாகக் காய்ந்தபின் அடுத்தது. நாலைந்து மெல்லிய பூச்சு ஆகும்.

இல்லை என்றால் டமியாவின் ஸ்ப்ரே டப்பா, டி.எஸ்-47 குரோம் யெல்லோ. இந்த வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். தட்டையான பரப்பு நிறைய, மூலை முடுக்கு குறைவு, ஸ்ப்ரேக்கு ஏற்ற உடம்பு. ஒரு சாணுக்குக் குறையாத தூரத்தில் இருந்து பனி மாதிரி இரண்டு தடவை, அதற்கப்புறம் ஈரப்பூச்சு ஒன்று. ஆன்லைனில் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: ஸ்ப்ரே டப்பாவும் தின்னரும் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரை வழியாகத்தான் வரும். கிட் நாலு நாளில் வந்து பெயிண்ட் பத்து நாள் கழித்து வருவது சகஜம்.

நாலு பூச்சின் மேல் அப்படியே மறுபடி அடிக்காதீர்கள், முதலில் உரித்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் டமியா அக்ரிலிக் வந்துவிடும். என்.சி. தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம். என் முதல் கிட் ஒரு சின்ன விமானம். லாங் பஜார் பக்கத்துக் கடை ஒன்றில் "பெயிண்ட் எடுக்கணும்" என்று மட்டும் சொல்லி, எது மேல் இருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லாமல், ஒரு பாட்டில் தின்னர் வாங்கி வந்தேன். கிண்ணத்தில் ஊற்றி விமானத்தை முக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கரண்டியால் தூக்கினால் இறக்கை மைசூர்பாகு மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. இந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின், என்.சி. தின்னருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனுக்கும் அது கரைந்துவிடும். யோசித்துப் பார்த்தால் கிட் பசை வேலை செய்வதும் அதே வித்தையில்தான்: இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டு ஆவியாகிப் போகிறது. பசையில் ஒரு சொட்டு அளவாக வருவது, தின்னரில் ஒரு கிண்ணம். எதையும் முதலில் கிட் பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்தின் துண்டில் தொட்டுப் பாருங்கள். கார் டச்சப்புக்கு விற்கும் ஸ்ப்ரே டப்பாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேலூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி நாட்களில் மதியம் பெயிண்ட் அடித்தால் பிரஷ்ஷில் இருந்து பரப்புக்குப் போவதற்குள் காய்ந்துவிடும்; பிரஷ் கோடு அப்படியே நிற்கும். ஸ்ப்ரே என்றால் துளி காற்றிலேயே காய்ந்து, பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். காலை ஐந்தரையில் இருந்து ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு. ஐப்பசி மழையில் வேறு தலைவலி: காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் ஸ்ப்ரே வெண்மை பூத்துவிடும். அன்றைக்கு டயருக்குக் கறுப்படிக்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் நிறங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். தரைச் சாதனங்களின் மஞ்சளுக்கு எஃப்.எஸ். 13538. முதல் எண் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் மங்கல். நிஜ வண்டி 1-இல் ஆரம்பிக்கிறது. ஆனால் மாடலில் அப்படியே பளபளவென்று விட்டால் மறுபடி பொம்மைதான். உருவம் 48 மடங்கு சுருங்கும்போது பளபளப்பும் அடங்க வேண்டும், கடைசியாக ஒரு அரை மங்கல் வார்னிஷ் கொடுத்தால் சரியாக இருக்கும். கப்பல் தளத்துப் படங்களில் வெள்ளை அடித்த இழுவை வண்டிகளும் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் எம்.டி-3-க்கு மஞ்சள்தான் முகம்.

இந்த வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி வருகிறதே, கிட்டில் அதை நீங்கள் ஏதோ டூல் பாக்ஸ் என்று நினைத்துக் கறுப்பில் முக்கியிருக்கிறீர்கள். அது டூல் பாக்ஸ் இல்லை தம்பி. அது ஒரு குட்டி கேஸ் டர்பைன். ஜெட் விமானத்தின் இஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப அழுத்தக் காற்று வேண்டும். அந்தக் காற்றை ஒரு பெரிய ரப்பர் குழாய் வழியாக விமானத்துக்கு ஊதுவது இந்தப் பெட்டி. ஊதுகிற ஓசையை வைத்தே கப்பல்காரர்கள் ஹஃபர் என்று பெயர் வைத்தார்கள். டர்பைன் என்றால் ஒரு பக்கம் நெருப்பாகப் புகை வெளியே வரும்.

அந்தப் புகைதான் 1969 ஜனவரி 14 அன்று ஒரு கப்பலையே எரித்தது. ஹவாய்க்குப் பக்கத்தில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் பயிற்சியில் இருந்தது. விமானங்கள் எரிபொருளும் குண்டுமாக வரிசையில் நின்றன. ஒரு விமானத்துக்குக் காற்றுக் கொடுக்க வந்த எம்.டி-3ஏ வண்டியின் ஹஃபர் புகை, பக்கத்தில் நின்ற விமானத்தின் இறக்கையில் மாட்டியிருந்த ஜூனி ராக்கெட்டின் தலை மேலேயே பட்டுக்கொண்டிருந்தது. சூடேறி வெடித்தது. ஒன்று வெடிக்க எரிபொருள் கொட்ட, அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 28 பேர் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேல் காயம், 15 விமானங்கள் அழிந்தன. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால்தான், 1967 ஜூலை 29 அன்று, ஃபாரஸ்டல் கப்பலில் தானாகக் கிளம்பிய ஒரு ஜூனி ராக்கெட்டால் 134 பேர் போயிருந்தார்கள். கப்பலில் புழங்கும் ஜே.பி-5 எரிபொருளை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் ஆவி பற்றாத மாதிரி தயாரிப்பதே இந்தப் பயத்தில்தான். சாதாரணத் தீக்குச்சிக்குச் சட்டென்று மசியாது. ஆனால் வெடிக்கிற குண்டுக்கு முன்னால் அந்தப் பாதுகாப்பு எம்மாத்திரம்?

ஆகவே அந்தப் புகைவாயை மரியாதையோடு பெயிண்ட் செய்யுங்கள். வெறும் கறுப்பு வேண்டாம். முதலில் இருண்ட இரும்பு நிறம், அதன் மேல் விளிம்பில் ஊதா கலந்த நீலம், அதற்கு வெளியே பழுப்பை மிக மிக மெல்லிசாக. சைலன்சர் குழாய் சூடேறி நிறம் மாறியிருப்பதை எந்த பைக்கிலும் பார்க்கலாம், அதே வரிசைதான். டர்பைன் புகை லாரிப் புகை மாதிரி கரி அப்பாது. அதனால் சுற்றிலும் கரியைப் பூசிவிடாதீர்கள்.

அடுத்தது தேய்மானம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஆலையில் இருபத்தெட்டு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். அங்கே ஒரு மஞ்சள் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. அதன் இடது பக்கப் படி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. படியின் நடுவில் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. முன்விளிம்பில், அதுவும் வலது கோடியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும், மஞ்சள் போய், அடியில் இருந்த செங்காவி பிரைமர் போய், இரும்பு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஏனென்றால் ஏறுகிறவர் எல்லாரும் இடது காலை அங்கேதான் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, உடம்பைத் திருப்பி உட்காருவார்கள். செருப்பு திரும்புகிற இடம் அது. ஸ்டியரிங் சக்கரத்திலும் அப்படித்தான், இடது கை பிடிக்கிற பத்து மணி இடம் வழவழவென்று இருக்கும், மற்ற இடம் தூசு படிந்து மங்கிக் கிடக்கும். சீட்டின் இடது ஓரம் கிழிந்து ஸ்பான்ஞ் எட்டிப் பார்க்கும். கொக்கி முள்ளைச் சுற்றி கிரீஸும் மண்ணும் கலந்து களிம்பு மாதிரி ஒரு வளையம்.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் படத்தில் எல்லா விளிம்பிலும் சமமாக வெள்ளிக் கோடு இழுத்திருக்கிறீர்கள். பார்க்க உழைப்புத் தெரிகிறது, வண்டி தெரியவில்லை. விளிம்பு எல்லாம் ஒரே மாதிரி தேயாது. கால் எங்கே படும், கை எங்கே பிடிக்கும், சங்கிலி எங்கே உரசும், குழாயை இழுத்துப் போடும்போது எந்த மூலையில் தேயும் என்று ஒரு தடவை நீங்களே அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்குங்கள், மனசுக்குள்தான். பட்ட இடத்தில் மட்டும் தேய்மானம் வையுங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பான்ஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, காப்பிக்கொட்டை நிறப் பெயிண்டைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி முக்கால்வாசி எடுத்துவிட்டு, அப்புறம் மாடலில் ஒற்றுங்கள். இரும்பு மின்னும் இடத்துக்குப் பெயிண்ட் வேண்டாம், 6பி பென்சிலை விரலில் தேய்த்து அந்த விரலால் தடவினால் போதும். துருவைக் கம்மி பண்ணுங்கள். உப்புக்காற்று இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதனாலேயே கப்பலில் துரு பார்ப்பது ஓயாத வேலை, சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். நம் பாலாற்றங்கரையில் கேட்பாரற்று நிற்கும் லாரி மாதிரி இருக்காது. பழைய மஞ்சளின் மேல் புது மஞ்சள் ஒட்டுப் போட்ட மாதிரி அங்கங்கே இரண்டு மூன்று சதுரம் அடித்தால் அதுதான் உண்மைக்குப் பக்கம்.

மேல் தட்டில் ஆட்கள் ஏறி நிற்கும் பகுதி வழுக்காத கறுப்புப் பூச்சாக இருக்கும். கறுப்பில் முகப் பவுடரை ஒரு சிட்டிகை கலந்து குத்திக் குத்தி அடியுங்கள், சொரசொரப்பு அளவுக்குச் சரியாக வரும். டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, குறிகள்) ஒட்டியபின் ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலரில் பழுப்பை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் மட்டும் ஓட விடுங்கள். அடியில் கிளியர் கோட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் முழுக்க அழுக்கைக் குடித்துவிடும்.

தனியாக மேசையில் வைப்பதைவிட ஒரு துண்டுத் தளத்தில் வைத்தால் அந்தஸ்து கூடும். 600 நம்பர் எமரி ஷீட்டை மரப் பலகையில் ஒட்டி இருண்ட சாம்பல் அடித்தால் கப்பல் தளம் ஆயிற்று. தளத்தில் வரிசையாகக் குழிந்த கிண்ணங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் வாயிலும் குறுக்குக் கம்பி. விமானங்களைச் சங்கிலி போட்டுக் கட்டுவது அதில்தான். வேலையில்லாத நேரத்தில் இந்த வண்டியையும் கட்டி வைப்பார்கள், ஐந்து டன்னாக இருந்தாலும் ஆடுகிற கப்பலில் அதுவும் உருளும். கவரிங் நகைக் கடையில் இருப்பதிலேயே மெல்லிய சங்கிலியை அரை முழம் வாங்கினால் ஐந்து வண்டிக்கு ஆகும். சங்கிலி தொங்கக் கூடாது, விறைப்பாக இருக்க வேண்டும். மறுபடியும் கனம்தான்.

ஆள் வைப்பதாக இருந்தால் உயரம் 36 மில்லிமீட்டர் வரும். ஓட்டுகிறவருக்கு நீலச் சட்டை. மஞ்சள் சட்டை போட்டவர் விமானம் எங்கே போக வேண்டும் என்று கை காட்டுகிறவர், ஊதா எரிபொருள் பார்க்கிறவர், சிவப்பு குண்டு பார்க்கிறவரும் தீயணைப்பும். வண்டி மஞ்சள் என்பதால் ஓட்டுகிறவருக்கும் மஞ்சள் போட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் செய்யும் தப்பு.

கடைசியாக, ராஜாளி. ஆசை புரிகிறது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அரக்கோணத்தில் அந்தத் தளத்தைத் திறந்து வைத்தபோது அது நம் வட ஆர்க்காட்டுக்குப் பெரிய சேதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் அங்கே இறங்கியதும் நினைவிருக்கும். ஆனால் இந்த வண்டியை ராஜாளி வண்டி என்று சொல்ல முடியாது. எம்.டி-3 அமெரிக்கக் கப்பல் தளத்துக்காகக் குள்ளமாகச் செய்த வண்டி. ராஜாளி தரைத்தளம், நாலு கிலோமீட்டருக்கு நீளும் ஓடுபாதை, அதில் நிற்பவை பெரிய விமானங்கள். இப்போதுள்ள பி-8ஐ, போயிங் 737-இன் உடம்பு. முழு எடையில் 85 டன் வரும். மார்க்கை மட்டும் மாற்றி ஒட்டினால் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதிரிக்குப் படம் வேண்டும் என்று தளத்து மதில் பக்கம் கேமராவோடு போய் நிற்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட இடம், மாட்டிக்கொண்டால் பொம்மை வண்டிக்காக என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

ராஜாளிதான் வேண்டும் என்றால் வண்டியை விட்டுவிட்டு விமானத்துக்குப் போங்கள். அரக்கோணத்தில் வளர்ந்தவர் நீங்கள், ராஜாளியில் இருந்த டி.யூ-142 விமானம் வீட்டு மேல் போகும்போது ஜன்னல் அதிர்ந்ததைக் கேட்டிருப்பீர்கள். நாலு இஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். 2017 மார்ச் 29 அன்று ராஜாளியிலேயே அதற்கு விடை கொடுத்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். கட்டுவதற்கு முன் ஷெல்ஃபை அளந்துகொள்ளுங்கள்: இறக்கை 50 மீட்டர், 1/72 அளவில் 70 சென்டிமீட்டர் வரும். 1/144 என்றால் 35, வீட்டில் சண்டை வராது.

அது அப்புறம். இப்போதைக்கு மஞ்சளை உரியுங்கள், டயரைத் தேயுங்கள். பேலன்சிங் கட்டி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என் டப்பாவில் ஒரு பத்துப் பதினைந்து கிடக்கிறது.